லைட் வெயிட் பேட் சீக்கிரம் உடையுமா?

அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் உள்ளரங்க கோர்ட் வந்ததிலிருந்து ஷட்டில், அதாவது பாட்மின்டன், பைத்தியம் பிடித்து ஆடுகிறான். போன மாதம் ஒரு படத்தை அனுப்பிவிட்டுப் போன் செய்தான். "மாமா, இந்த பேட் வெறும் 77 கிராம்தான். வாங்கலாமா? சீக்கிரம் உடஞ்சிடும்னு அம்மா சொல்றாங்க."

அக்கா வாழ்நாளில் பேட் பிடித்ததில்லை. ஆனாலும் அவள் பயம் நியாயமானது. கையில் எடுத்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு பொருளுக்கு மூவாயிரம் நாலாயிரம் கொடுக்கும்போது யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவனிடம் அரை மணி நேரம் பேசியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ராக்கெட் என்று எழுதுவதுதான் முறை. கோர்ட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் நானும் பேட் என்றே எழுதுகிறேன்.

முதலில் எடைக் கணக்கு. கைப்பிடியும் தண்டும் சேரும் இடத்தில் ஒரு கூம்பு இருக்கும். அதில் '4யூ ஜி5' என்பது மாதிரி பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். யூ என்பது எடை, ஜி என்பது கைப்பிடியின் தடிமன். யூவுக்கு முன்னால் உள்ள எண் கூடக் கூட எடை குறையும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். யோனெக்ஸ் கணக்கில் 3யூ என்றால் 85 கிராமிலிருந்து 90க்குள், 4யூ என்றால் 80லிருந்து 85க்குள், 5யூ என்றால் 75லிருந்து 80க்குள். அதற்கும் கீழே 70லிருந்து 75க்குள் இருப்பது எஃப். சில நிறுவனங்கள் பேட்டின் பெயரிலேயே எடையைச் சொல்லிவிடுகின்றன. லி-நிங்கின் விண்ட்ஸ்டார்ம் 72 அப்படித்தான். 60 கிராமுக்கும் கீழே போகும் பேட்கள்கூடச் சந்தையில் உண்டு. விதிமுறையில் இதற்குத் தடை எதுவும் இல்லை. சர்வதேச விதிகள் பேட்டின் நீளம் 680 மில்லிமீட்டரையும் அகலம் 230 மில்லிமீட்டரையும் தாண்டக் கூடாது என்கின்றன. எடையைப் பற்றி வாயே திறப்பதில்லை.

3யூவுக்கும் 5யூவுக்கும் வித்தியாசம் சுமார் 10 கிராம். ஓர் இறகு ஷட்டில் 4.74 கிராமிலிருந்து 5.50 கிராம் வரை இருக்கும். ஆக, வித்தியாசம் இரண்டு ஷட்டில் எடைதான். இதுவா கையில் தெரியப்போகிறது என்று கேட்கலாம். தெரியும். பேட்டின் எடை கையிலிருந்து ஐம்பது அறுபது சென்டிமீட்டர் தள்ளிச் சுழல்கிறது. ஒரு மணி நேரம் ஆடிய பிறகு தோளைக் கேட்டால் அந்த இரண்டு ஷட்டிலைப் பற்றி நன்றாகவே சொல்லும். அதனால் லைட் வெயிட் என்பது வெறும் விளம்பர வித்தை இல்லை. தற்காப்பு ஆட்டத்தில், வலைக்குப் பக்கத்தில் பேட்டைச் சட்டென்று திருப்ப வேண்டிய இடத்தில், அது உண்மையான வசதி.

அந்த 10 கிராம் எங்கே போனது?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பேட்டில் தலை, தண்டு, கூம்பு, கைப்பிடி என்று நாலு பகுதிகள். எடையைக் குறைக்க வேண்டுமென்றால் இந்த நாலில் எங்கேயாவது கை வைத்தாக வேண்டும்.

கைப்பிடிக்குள் இருப்பது மரம். அதைக் குடைந்து உள்ளே கூடாக்கினால் சில கிராம் மிச்சமாகும். உறுதிக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் கைப்பக்கம் எடை குறைந்தால் தலைப்பக்கம் கனமாகத் தெரியும். 75 கிராம் பேட் ஒன்று கையில் எடுத்ததும் தலை கனத்து இருப்பதாகத் தோன்றினால் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த வகை பேட்டில் தலைப் பகுதியில் ஓரளவு சதை இருக்கும். இன்னொரு வழி, தலையின் சட்டத்தையே மெலிதாக்குவது. சட்டம் என்பது கெட்டியான கம்பி இல்லை. உள்ளே வெற்றிடமுள்ள குழாய். அதன் சுவரில் ஒன்றிரண்டு அடுக்குகளைக் குறைத்தால் எடை குறையும், பேட் பறக்கும். இடி வாங்கும் திறனும் அதோடு குறையும்.

ஆக, ஒரே 77 கிராம் எடையில் இரண்டு பேட்கள் இருந்தால் இரண்டும் ஒரே ஆயுள் உழைக்கும் என்று சொல்ல முடியாது. எடையை எங்கே குறைத்தார்கள் என்பதை அட்டையில் எழுத மாட்டார்கள். ஆள்காட்டி விரலைத் தண்டின் கீழே கொடுத்து பேட்டைச் சமநிலையில் நிறுத்திப் பாருங்கள். சமநிலைப் புள்ளி தலையை நோக்கிப் போகப் போக, மிச்சமிருக்கும் எடை தலையில் இருக்கிறது என்று பொருள். துல்லியமான சோதனை இல்லைதான். கடையில் நின்றபடி செய்ய முடிவது இவ்வளவுதான்.

கார்பன் ஏன் நெளிவதில்லை

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய அலுமினிய பேட் கிடக்கிறது. தலை முட்டை வடிவத்திலிருந்து மாம்பழ வடிவத்துக்கு மாறிப் பல வருடம் ஆகிறது. இன்னும் உடையவில்லை. அலுமினியத்துக்கு அடி விழுந்தால் நெளியும், நெளிந்தபடியே நிற்கும். மொட்டை மாடியில் பிள்ளைகள் ஆட அது போதும்.

இன்றைய நல்ல பேட்கள் எல்லாம் கிராஃபைட், அதாவது கார்பன் இழைகளை எப்பாக்ஸி பிசினில் ஊறவைத்து அச்சில் வைத்து வேகவைத்தவை. ஓர் இழையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எடைக்கு எடை பார்த்தால் கார்பனின் உறுதி அசாத்தியமானது. அது இல்லாமல் 80 கிராம் பேட்டே சாத்தியமில்லை. ஆனால் அதற்கு நெளியத் தெரியாது. ஓர் எல்லை வரை வளைந்து திரும்பிவிடும். எல்லை தாண்டினால் 'டப்' என்று முறியும். நடுவில் எச்சரிக்கை எதுவும் கிடையாது. அதைவிடத் தொல்லை, பெயிண்டுக்கு அடியில் இழைகள் பிரிந்துவிட்டாலும் வெளியே பேட் புதுசு மாதிரியே இருக்கும்.

கடைகளில் '30டி', '40டி', '46டி' கார்பன் என்று பெருமையாகச் சொல்வார்கள். எண் கூடினால் உறுதி கூடும் என்று நினைத்துத்தான் நாமும் வாங்குகிறோம். அந்த எண் விறைப்பைக் குறிப்பது. உடையாமல் எவ்வளவு தாங்கும் என்பதை அது சொல்வதில்லை. ஜப்பானின் டோரே நிறுவனத்தின் இழைகளையே எடுத்துக்கொள்வோம். டி700 என்பது ஓர் இழையின் பெயர், அதன் விறைப்பு 230 ஜிகாபாஸ்கல். அறுவதற்கு முன் சுமார் 2.1 சதவீதம் நீளும். எம்40ஜே இழையின் விறைப்பு 377 ஜிகாபாஸ்கல், ஆனால் 1.2 சதவீதம் நீள்வதற்குள் அறுந்துவிடும். விறைப்பான இழை மெல்லிய சட்டத்துக்கு வடிவம் மாறாத தன்மையைத் தரும், ஸ்மாஷில் துல்லியம் தரும். தப்படி வாங்கினால் மற்றதைவிடச் சீக்கிரம் போகும். நல்ல நிறுவனங்கள் இடத்துக்கு இடம் வேறு வேறு இழைகளைக் கலந்து வைப்பது இதனால்தான். தொடக்க நிலையில் இருப்பவர் 46டி தேடி அலைவதற்குக் காரணமே இல்லை.

கட்டிங்

பேட்டுக்கு நரம்பு கட்டுவதை நம் பக்கத்தில் கட்டிங் என்பார்கள். டாஸ்மாக் வாசல் கட்டிங் வேறு. பேட்டின் ஆயுளை ஷட்டிலைவிட அதிகமாகத் தீர்மானிப்பது இதுதான் என்பது என் கட்சி.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். பெரும்பாலான பேட்களில் மேலிருந்து கீழாக ஓடும் நரம்புகள் 22. ஒவ்வொன்றையும் 24 பவுண்ட் இழுவையில் கட்டினால், சட்டத்தின் உச்சியைக் கீழ்நோக்கி இழுக்கும் மொத்த விசை 22 பெருக்கல் 24, அதாவது 528 பவுண்ட். கிலோவில் சுமார் 240. கிட்டத்தட்ட பத்து சிப்பம் அரிசி, சிப்பத்துக்கு 25 கிலோ வீதம். அந்தப் பாரத்தை இரவும் பகலும், பைக்குள் தூங்கும்போதும், 80 கிராம்கூட இல்லாத ஒரு பொருள் சுமந்துகொண்டிருக்கிறது. அதையே 28 பவுண்டில் கட்டினால் சுமார் 280 கிலோ. நாலே பவுண்ட் என்று நாம் சொல்வது சட்டத்துக்கு இன்னொரு 40 கிலோ.

குறுக்கு நரம்புகளும் இதே போல இரண்டு பக்கத்தையும் உள்ளே இழுக்கின்றன. நெடுக்கு இழுப்பதும் குறுக்கு இழுப்பதும் ஒன்றையொன்று சமாளித்துக்கொள்வதால்தான் தலை வடிவம் மாறாமல் நிற்கிறது. ஒரு நரம்பு அறுந்ததும் அந்தச் சமநிலை கெடுகிறது. ஒரு பக்கம் தளர்ந்து, மறுபக்கம் அதே விசையில் இழுத்துக்கொண்டே இருக்கும். லைட் வெயிட் பேட்டில் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. நரம்பு அறுந்தால் கோர்ட்டை விட்டு வெளியே வந்து, கத்தரிக்கோலால் மீதி நரம்புகளையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நெடுக்கில் இரண்டு குறுக்கில் இரண்டு என்று மாற்றி மாற்றி வெட்டிவிடுங்கள். 'நாளைக்கு எப்படியும் கடையில் கொடுக்கப்போகிறோமே' என்று அப்படியே பையில் போட்டு வைத்துக் காலையில் எடுத்துப் பார்த்தால் தலை கோணியிருந்த கதைகள் எல்லா கோர்ட்டிலும் உண்டு.

எத்தனை பவுண்ட் வரை கட்டலாம் என்பதும் கூம்பிலேயே இருக்கும். யோனெக்ஸின் உயர்நிலை பேட்கள் பலவற்றில் 3யூவுக்கு 21லிருந்து 29 என்றும், 4யூவுக்கு 20லிருந்து 28 என்றும் போட்டிருப்பார்கள். எடை ஒரு படி குறைந்தால் ஒரு பவுண்ட் குறைத்துக்கொள் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். இதைவிடத் தெளிவான சாட்சியம் தேவையில்லை.

அப்படியானால் எழுபது சொச்சம் கிராம் பேட்டில் '35 பவுண்ட் வரை' என்று சிலர் போடுகிறார்களே? பொய் என்று சொல்லவில்லை. அது வேறு வகைத் தாங்கும் திறன். முட்டையை உள்ளங்கையில் வைத்து எல்லா விரல்களாலும் சீராக அழுத்திப் பாருங்கள், லேசில் உடையாது. அதே முட்டையைத் தோசைக்கல் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். நரம்பின் இழுவை சுற்றிலும் பரவி அழுத்துவது, உள்ளங்கை மாதிரி. பார்ட்னரின் பேட் வந்து இடிப்பது தோசைக்கல் விளிம்பு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் பவுண்ட் முதலாவதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது.

புதிதாக ஆடுபவருக்கு 22, 23 பவுண்ட் தாராளம். ஷட்டில் நடுநரம்பில் படாமல் ஓரத்தில் படுவதுதான் அந்தக் கட்டத்தில் அதிகம் நடக்கும். இழுவை கூடினால் ஷட்டில் நன்றாகப் போகும் நடுப்பகுதி சுருங்கிவிடும். ஓரத்தில் பட்ட அடி நரம்பையும் அறுக்கும், சட்டத்தையும் அதிர வைக்கும். நரம்பில் 0.70 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பிஜி65 மாதிரி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். 0.63, 0.65 எல்லாம் சத்தம் நன்றாக வரும், சீக்கிரம் அறும்.

நான் உடைத்த கதை

சில வருடங்களுக்கு முன் நானும் 5யூ மோகத்தில் விழுந்தவன்தான். வாங்கி இரண்டு மாதம். இரட்டையர் ஆட்டத்தில் நடுவில் விழுந்த ஒரு ஷட்டிலுக்கு நானும் பார்ட்னரும் சேர்ந்தே வீசினோம். 'என்னுது' என்று இருவரில் ஒருவராவது கத்தியிருக்கலாம். டக்கென்று ஒரு சத்தம். அவர் பேட் பழைய 3யூ, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. என்னுடையதில் கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்தில் அரிசி அளவுக்குப் பெயிண்ட் போயிருந்தது. பெயிண்ட்தானே என்று தொடர்ந்து ஆடினேன். மூன்று வாரம் நன்றாகத்தான் போனது.

நரம்பு அறுந்து கட்டிங் கொடுக்கப் போனேன். 26 பவுண்ட் கேட்டேன். கடைக்காரர் மெஷினில் மாட்டுவதற்கு முன் அந்த இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் தடவினார். பிறகு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதுல விரிசல் ஓடியிருக்கு. கட்டினா போயிடும். போனா என்னைக் கேக்கக் கூடாது."

நான் வீராப்பாகக் கட்டச் சொன்னேன். நெடுக்கு நரம்புகள் முழுவதும் ஏறிவிட்டன. குறுக்கில் நாலாவதோ ஐந்தாவதோ இழுக்கும்போது, மாங்காய் பிளந்த மாதிரி ஒரு சத்தம். அதே இரண்டு மணி இடம். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நெடுக்கு மட்டும் ஏறிக் குறுக்கு இன்னும் ஏறாத அந்தச் சில நிமிடங்கள்தான் சட்டத்துக்கு மிகக் கஷ்டமான நேரம் என்பதை அவர் பிறகுதான் விளக்கினார். மெஷினில் உடைந்ததால் நாம் கடைக்காரரைத் திட்டுவோம். உண்மையில் அது கோர்ட்டிலேயே உடைந்துவிட்டது, தெரிய வந்ததுதான் கடையில்.

அன்றிலிருந்து அவர் நகத்தால் தடவுவதை நானும் செய்கிறேன். பெயிண்ட் மட்டும் உரிந்திருந்தால் ஓரம் மழுங்கலாக இருக்கும், நகம் வழுக்கிக்கொண்டு போகும். விரிசல் என்றால் நகம் மாட்டும். மெல்லிய கோடு சட்டத்தின் குறுக்கே ஓடினால் சந்தேகமே வேண்டாம். பிறகு விரல் கணுவால் சட்டத்தைச் சுற்றித் தட்டிப் பார்ப்பேன். ஓரிடத்தில் மட்டும் சத்தம் செத்தது போலக் கேட்டால், அந்த பேட்டில் இனி அதிக இழுவையில் நரம்பு கட்டக் கூடாது. கூடவே நரம்பு நுழையும் துளைகளில் இருக்கும் பிளாஸ்டிக் குழல்களைப் பாருங்கள். அவை தேய்ந்து பிளந்தால் நரம்பு நேரடியாகக் கார்பனை அறுக்க ஆரம்பிக்கும். ஒரு குழலின் விலை சில ரூபாய்தான். கட்டிங் போடும்போதே மாற்றித் தரச் சொன்னால் செய்துவிடுவார்கள்.

தண்டு உடைவது அபூர்வம், அதுவும் பெரும்பாலும் கோபத்தில் தரையில் அடிப்பவர்களுக்கு. தாழ்ந்து வரும் ஷட்டிலை எடுக்கும்போது தலையைத் தரையில் உரசுவது சிமென்ட் தளத்தில் ஆடுபவர்களுக்கு நிஜமான பிரச்சினை. உச்சியில் ஒட்ட ஒரு பாதுகாப்பு டேப் கிடைக்கிறது. ஒன்றிரண்டு கிராம் கூடும். வாங்கிய லைட் வெயிட்டில் அவ்வளவு திருப்பிக் கொடுக்கலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நரம்பு தளரும், குழல்கள் இளகும்.

சரி, எதை வாங்குவது?

தனியர் ஆட்டம் மட்டும், நல்ல தளம், ஓரளவு ஷட்டில் நடுநரம்பில் படுகிறது என்றால் 5யூ தாராளமாக வாங்கலாம். இடிக்க ஆள் இல்லாத கோர்ட்டில் அது வருடக்கணக்கில் வரும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் தோளுக்கு அது நல்லது. நாலு பேர் மாறி மாறி ஆடும் இரட்டையர் ஆட்டம், பார்ட்னர் யாரென்றே தெரியாத ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்றால் 4யூ என்பேன். ஐந்து கிராம்தான் கூட. தப்படிகளைப் பொறுத்துக்கொள்வதில் அந்த ஐந்து கிராம் நிறையச் செய்யும். 70 கிராமுக்குக் கீழே உள்ளவற்றை இரண்டாவது பேட்டாக வைத்துக்கொள்ளுங்கள், முதல் பேட்டாக வேண்டாம். இடித்து உடைந்ததை எந்த உத்தரவாத அட்டையும் பொதுவாக ஏற்காது என்பதால் எட்டாயிரத்தில் ஒன்று வாங்குவதைவிட மூவாயிரத்தில் இரண்டு வாங்குவது தொடக்கத்தில் புத்திசாலித்தனம். இரண்டும் ஒரே மாடலாக இருந்தால் நல்லது.

பிறகு, கைப்பிடிக்கு மேலே சுற்றும் கிரிப் ஒன்று ஐந்து கிராம் பக்கம் வரும். சிலர் வியர்வைக்காக இரண்டு சுற்று சுற்றுவார்கள். 5யூ வாங்கி 3யூ எடைக்குக் கொண்டுவந்துவிட்டு, 'லைட் வெயிட் பேட் ஏனோ எனக்குச் செட் ஆகவில்லை' என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும்.

மருமகன் கடைசியில் 4யூதான் வாங்கினான், 23 பவுண்ட் கட்டிங். போன வாரம் மறுபடி போன்.

"மாமா, நரம்பு அறுந்துருச்சு. நீங்க சொன்ன மாதிரி எல்லாத்தையும் உடனே வெட்டிட்டேன்."

"கத்தரிக்கோல் வச்சிருந்தியா?"

"இல்ல. வீட்டுக்கு ஓடி வந்து பாட்டியோட பாக்குவெட்டியில வெட்டினேன். பாட்டி இன்னும் திட்டிக்கிட்டு இருக்காங்க."